படையல் மேசையில் பீச் பழம்

ஒலிம்பிக் சாலையும் வெஸ்டர்ன் சாலையும் முட்டிக்கொள்கிற முக்கில் ஒரு சலவைக் கடை. அதன் ஜன்னலோரத் தையல் மெஷினுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள் மேங் தொக்சூன். உயரம் ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. கோபத்துக்கு மட்டும் தனியாக ஆறடி.

அவள் கண்ணுக்கு அளவு நாடா தேவையில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் போகிறவனைப் பார்த்து, "முப்பத்தெட்டு. போன மாசம் முப்பத்தாறு. பொண்டாட்டி ஊர்ல இல்ல, வெளிச் சாப்பாடு" என்பாள். மறு வாரமே அவன் பேண்ட்டை இடுப்பில் பிரித்து விடச் சொல்லிக் கொண்டுவருவான். மனைவி சியோலுக்குத்தான் போயிருப்பாள். தொண்ணூற்றிரண்டு கலவரத்தில் ஊர் எரிந்தபோது கடையை உள்ளே பூட்டிக்கொண்டு பதினேழு பேண்ட்டுக்கு ஓரம் அடித்து முடித்தவள் அவள். பன்னிரண்டுதான் என்று அவளே திருத்துவாள். நான் பதினேழு என்றே சொல்லிவருகிறேன். அந்தத் தீக்குப் பன்னிரண்டு போதாது.

கொரியாவில் ஆப்பிளுக்குப் பேர்போன யேசானில், அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவரின் மூன்றாவது மகள். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. இருபத்தெட்டாவது வயதில் புருஷனோடு லாஸ் ஏஞ்சலஸ் வந்தாள். பத்து வருஷத்தில் புருஷனை வயிற்றுப் புண் கொண்டுபோயிற்று. ஒரே மகன் சியாட்டிலில். போனில் அவன் பாதி கொரியத்திலும் பாதி ஆங்கிலத்திலும் பேசுவான். இவள் முழுக் கொரியத்தில் திட்டுவாள்.

டேகுவில் இருபது வருஷம் பிள்ளைகளுக்கு இலக்கியப் பாடம் நடத்திவிட்டு இங்கே வந்தவள் நான். ஒரு தடவை அவளிடம் கொடுத்த பாவாடையை வாங்கி வந்தபோது, அதில் குத்தியிருந்த மஞ்சள் சீட்டை எடுக்க மறந்திருந்தாள். முன்பக்கம் என் பெயர், அரை அங்குலம் குறைக்கவும் என்று. பின்பக்கம் பென்சிலில் இரண்டு வரி:

*இங்கே வந்து என் காலும் வளரவில்லை,*
*அங்கே விட்டு வந்த வீடும் குறையவில்லை.*

மறுநாளே போய் நின்றேன். "அடியே, இதை எங்கேர்ந்து எடுத்த?"

"எடுக்கலக்கா. பாபின் மாத்தற நேரத்துல தோணுச்சு" என்றாள், ஏதோ திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி முகம் சிவந்து.

நான்தான் அவளைக் கவிதை வட்டத்துக்கு இழுத்துப்போனேன். அந்தப் பாவம் என்னுடையது. மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை மத்தியானம், டோஃபுக் குழம்புக் கடையின் மாடியில் கூடுவோம். எல்லோரும் எழுதுவது ஒரே சங்கதிதான்: அங்கே ஒரு கால், இங்கே ஒரு கால். ஒருவர் ஹாம்பர்கருக்குள் கிம்ச்சி ஊறுகாய் வைத்துப் பாடுவார். இன்னொருவர், புத்தாண்டில் காலில் விழ வேண்டிய பேரன் கை குலுக்கிவிட்டுப் போனதைப் பாடுவார். கூட்டமாக அழுவோம். பிறகு கூட்டமாகச் சாப்பிடுவோம்.

வட்டத்தின் தலைவி பாங் ஹ்வாயங். பாதிரியார் மகள், சியோலில் பெரிய கல்லூரியில் படித்தவள், பல் டாக்டர் மனைவி. அவள் கவிதையில் நிலா இல்லாத வரி கிடையாது, நிலாவைத் தவிர வேறெதுவும் கிடையாது. உறுப்பினர்கள் எழுதியதையெல்லாம் நோட்டோடு அவளிடம் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருத்தித் தருவாள். அப்படி ஒரு வழக்கம்.

தொக்சூனும் நோட்டைக் கொடுத்தாள். அதில் அவள் அம்மாவைப் பற்றிய கவிதை ஒன்று இருந்தது. அம்மா செத்தபோது இவளுக்கு விமான டிக்கெட்டும் இல்லை, திரும்பி வர விடுகிற காகிதமும் இல்லை. ஊருக்கு அனுப்பி, திதியன்று அம்மா சமாதியில் அக்காவை விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று எட்டு மாசம் எழுதி எழுதி அழித்தாள். எனக்கு மட்டும் ஒருமுறை, மெஷினை நிறுத்திவிட்டுப் படித்துக் காட்டினாள்.

*அமெரிக்கக் கால்கள் நீளம்,*
*அவர்கள் வாங்கும் பேண்ட் அதைவிட நீளம்.*
*வெட்டி விழுந்த துண்டுகளை ஒட்டுப்போட்டு*
*உனக்கொரு போர்வை தைக்கிறேன் அம்மா.*
*உன்னை மண்ணில் வைத்த அன்று*
*யாரோ ஒருவனின் கல்யாணக் கோட்டுக்கு*
*நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.*
*ஒரு துணி அங்கே, ஒரு துணி இங்கே.*
*நடுவில் ஓடும் தையல்தான் நான்.*

நோட்டு இரண்டு மாசம் கழித்துத் திரும்பி வந்தது. "இன்னும் பக்குவம் போதாது" என்று சிவப்பு மையில் ஒரு வரி. அம்மா கவிதை இருந்த தாள் மட்டும் பிளேடால் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது.

புத்தாண்டில் எங்கள் ஊர்க் கொரியப் பத்திரிகையின் கவிதைப் போட்டி முடிவு வந்தது. முதல் பரிசு: பாங் ஹ்வாயங். பேண்ட் துண்டுகள், போர்வை, கல்யாணக் கோட்டு, கடைசித் தையல் எல்லாம் வரிக்கு வரி அப்படியே. கூடவே முத்து மாலை போட்ட புகைப்படம். வாழ்நாளில் தன் பொத்தானைத் தானே தைத்தறியாத கைகளைக் கன்னத்தில் வைத்திருந்தாள்.

தொக்சூன் பத்திரிகையை மடித்து மெஷினுக்கு அடியில் வைத்தாள். அன்று மாலையே டோஃபுக் கடை மாடிக்கு ஏறினோம். தலைவி தனியாக உட்கார்ந்து வாழ்த்துக் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"தலைவியம்மா, அது எங்கம்மா" என்றாள் தொக்சூன்.

"எது?"

"கவிதையில செத்துப்போனது. அது எங்கம்மா. உங்கம்மா பசடீனாவுல நல்லாத்தானே இருக்காங்க, போன வாரம்கூடக் கோட்டு குடுத்தாங்க."

தலைவி சிரித்தாள். "யேசான்காரி, கவிதைன்னா கற்பனை. நீ கொண்டு வந்தது வெறும் துணிமூட்டை. நான் திருத்தினப்புறம்தான் கவிதையாச்சு. போய் நாலு பேர்கிட்ட சொல்லேன். ஆறாங்கிளாஸ் படிச்ச தையக்காரியை நம்புவாங்களா, என்னை நம்புவாங்களா?"

"நான் கேட்டிருக்கேன். அவ எனக்குப் படிச்சுக் காட்டினா" என்றேன் நான்.

"டீச்சரம்மா, நீங்க போன மாசம், சான்டா மோனிகா கடல்ல ஒரு திமிங்கலம் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சுன்னு சொன்னீங்க."

கூப்பிட்டது உண்மை. ஆனால் அதைச் சொல்கிற நேரம் அது இல்லை.

படியிறங்கும்போது தொக்சூன் அழுவாள் என்று நினைத்தேன். அவள் படிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். தெருவில் நின்று சொன்னாள்: "என் அம்மாவைத் தூக்கி அவ அம்மாவா வெச்சுக்கிட்டா. அக்கா, அவ வாயாலயே, ஊர் கேக்க, 'இது என்னுது இல்ல'ன்னு சொல்ல வெக்கணும். நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவளே சொல்லணும்."

"எப்படிடீ?"

"எனக்கென்ன தெரியும். பேண்ட்டு வெட்டறப்ப யோசிக்கிறேன்."

ஆறு மாசம் யோசித்தாள். தையல் கடைக்குத் தெரியாத ரகசியம் எங்கள் ஊரில் இல்லை. துணியை உதறினாலே பாதி வீடு கொட்டும். ஜூலையில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, கதவில் "சாப்பிடப் போயிருக்கிறேன்" அட்டையைத் தொங்கவிட்டாள்.

"தலைவியோட மாமியார் தெரியுமில்ல? ஆண்டோங் அம்மா?"

தெரியாமல் என்ன. ஆண்டோங் என்றால் செத்தவர்களுக்குப் படையல் வைப்பதில் உயிரோடிருப்பவர்களைக் கொன்றுவிடுகிற ஊர். மீன் கிழக்கே, இறைச்சி மேற்கே, சிவப்புப் பழம் இந்தப் பக்கம், வெள்ளைப் பழம் அந்தப் பக்கம். ஒரு கரண்டி இடம் மாறினால் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகள் பாங் ஹ்வாயங். மாமியாருக்கும் அவளுக்கும் ஆகாது, அதனால் அந்த அம்மா சிகாகோவில் இளைய மகனோடு இருந்தாள். ஆனால் படையல் மட்டும் மூத்தவன் வீட்டில்தான் நடக்க வேண்டும்.

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்தப்ப இங்க கோட்டுக்கு உள்துணி மாத்தினாங்க" என்றாள் தொக்சூன். "அப்ப சொல்லி அழுதாங்க. புருஷன் செத்து ஆறு வருஷம் ஆச்சாம், ஒரு தடவைகூடக் கனவுல வரலையாம். 'மூத்தவ வீட்டுல வயிறு நெறையுதோ இல்லையோ'ன்னு மூக்கைச் சிந்தினாங்க. இதைக் கேளுக்கா. படையல் மேசை ஆர்டர் எடுக்கற கடைக்காரி என்கிட்டதான் ஏப்ரன் தைக்கறா. தலைவி வீட்டு மேசை எட்டு வருஷமா அவ கடையிலேர்ந்துதான் போகுது. தலைவி ஒரு முட்டைகூட வேக வெச்சதில்ல. பாதிரியார் வீட்டுப் பொண்ணு, அவங்க வீட்டுல படையலே கிடையாது. எது எங்க வைக்கணும்னே தெரியாது. ஆர்டர் வந்ததும் மூடியைத் திறந்து எடுத்து வெக்கறதுகூட அவ புருஷன்தான்."

பிறகு மஞ்சள் சீட்டு ஒன்றை நீட்டினாள்.

*அறுவடை நிலவின் கீழ் மேசை விரித்தேன், மாமனாரே.*
*நம் ஊர்ப் பேரிக்காய் இங்கே கிடைக்கவில்லை.*
*கன்னம் சிவந்த கலிபோர்னியா பீச் பழத்தை*
*உங்கள் கிண்ணத்தின் அருகே வைத்தேன்.*
*வருடம் எட்டாகிறது. கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.*
*பழம் இனிக்கிறது.*
*நாற்காலி காலியாக இருக்கிறது.*

சீட்டை மெஷின் மேல் போட்டேன். "அடிப்பாவி! பீச்சா?"

பீச் பழம் இருக்கிற வீட்டுக்குள் செத்தவர்கள் கால் வைக்க மாட்டார்கள். பேய் பிடித்தவளைப் பீச் கிளையால்தான் அடிப்போம். எங்களில் படையல் வைக்கிற வீட்டு மூக்கு ஒழுகுகிற குழந்தைக்கும் தெரியும்: எதை வேண்டுமானாலும் படைக்கலாம், பீச்சை வைக்கக் கூடாது.

"நிலாவையும் போட்டிருக்கேன்" என்றாள் தொக்சூன். "நிலா இருந்தா எடுத்துப்பா."

"யார்கிட்டயாவது காட்டிக் கேட்டுட்டா?"

"கேக்க மாட்டா. கேட்டா 'யார் எழுதினது'ன்னு வருமே."

"புருஷன்? அவன் ஆண்டோங்காரனாச்சே?"

"பொண்டாட்டி கவிதையை எந்தப் பல் டாக்டர்க்கா படிக்கறான்?"

அந்தக் கவிதையைப் புதுப் பக்கத்தில் தானே எழுதி, நோட்டோடு டோஃபுக் கடை மாடிக்குக் கொண்டுபோனாள். இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வளைத்து வணங்கினாள். "போன தடவை தெரியாத்தனமாப் பேசிட்டேன், தலைவியம்மா. இதையும் கொஞ்சம் திருத்திக் குடுங்க." அவள் நடிப்பைப் பார்த்து எனக்கே பரிதாபம் வந்தது, தலைவி மேல்.

ஆகஸ்ட் கடைசியில் நோட்டு வந்தது. சிவப்பு மையில், "முயற்சியைக் கைவிடாதே." பீச் பழம் இருந்த தாள் இல்லை. தொக்சூன் வெட்டின ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்ல பிளேடு" என்றாள்.

அடுத்த வாரமே, அறுவடைத் திருநாள் விழாவில் தலைவி தன் மாமனாரைப் பற்றிய கவிதை படிக்கிறாள் என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. இனி என் பங்கு. கொரியர் சங்கத்தின் டெலிபோன் புத்தகத்தில் சிகாகோ முகவரி கிடைத்தது. நல்ல மையில், நான் கற்ற மரியாதை மொழியையெல்லாம் கொட்டி ஒரு கடிதம் எழுதினேன்: "தங்கள் மூத்த மருமகள், அமரரான தங்கள் கணவருக்கு எட்டு ஆண்டுகளாக நடந்துவரும் படையலைப் பற்றிய கவிதையை, அறுவடைத் திருநாள் விழாவில் முந்நூறு பேர் முன்னிலையில் படிக்கிறார். தாங்கள் முதல் வரிசையில் அமர வேண்டும்." ஒரு பொய்கூட இல்லை. நான் எழுதியதிலேயே பொய் இல்லாத கடிதம் அது ஒன்றுதான்.

விழாவுக்குப் போட்டுக்கொள்ளத் தலைவி தன் புது ஹான்போக்கை, எங்கள் ஊர்ப் பட்டுடையை, சரிசெய்யக் கொண்டுவந்ததும் தொக்சூனிடம்தான். ஊரில் வேறு யாருக்கு அந்தக் கை வரும்? "தோள்ல கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்கட்டும்" என்றாளாம். தொக்சூன் பிடித்தாள். கையை மார்புக்கு மேல் தூக்க முடியாதபடி பிடித்தாள். "வெக்கத்துல முகத்தை மூடிக்கணும்னு தோணினா, மூட முடியக் கூடாது" என்று எனக்கு விளக்கம் சொன்னாள்.

விழா ஞாயிறு மத்தியானம். மண்டபம் முழுக்க எள்ளெண்ணெய் வாசனை, அரைவட்டக் கொழுக்கட்டைத் தட்டுகள். மேடைக்குக் கீழே முதல் நாற்காலியில் ஆண்டோங் அம்மா. எண்பத்தாறு வயது, வெள்ளை ஹான்போக், கையில் தடி. மாமியார் வந்திருப்பதைப் பார்த்துத் தலைவி ஒரு நொடி திடுக்கிட்டு, உடனே சமாளித்து, குரலைத் தேனாக்கிக்கொண்டாள். "இந்தக் கவிதை, என் மாமனாருக்கு" என்றாள். ஆண்டோங் அம்மா கைக்குட்டையை எடுத்தாள்.

நானும் தொக்சூனும் கொழுக்கட்டை மேசைக்குப் பக்கத்தில் நின்றோம். அவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். இரண்டு வாரம் அந்த இடம் நீலமாக இருந்தது.

அறுவடை நிலவு வந்தது. தலைகள் ஆடின. பேரிக்காய் கிடைக்காதது வந்தது. பெருமூச்சு விட்டார்கள். கன்னம் சிவந்த பீச் பழம் வந்தது.

முந்நூறு பேர் மென்றுகொண்டிருந்தது நின்றது. பின் வரிசையில் ஒரு கிழவர் "என்னது?" என்று பக்கத்தில் கேட்டார். தலைவி அதைக் கைதட்டலுக்கு முந்தின அமைதி என்று நினைத்துக்கொண்டாள். இன்னும் உருகி, இன்னும் மெதுவாகப் படித்தாள்: "வருடம் எட்டாகிறது... கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்... நாற்காலி காலியாக இருக்கிறது."

தடி ஒன்று தரையை ஓங்கித் தட்டியது. ஆண்டோங் அம்மா எழுந்து நின்றாள்.

"எட்டு வருஷமா?"

"அத்தை..."

"எட்டு வருஷமாப் பீச்சு வெச்சியாடி? என் புருஷனுக்கு? மனுஷன் கனவுல கூட வரலையே, என்ன குத்தம் பண்ணேனோன்னு நான் சிகாகோவுல கெடந்து அழறேன். நீ வாசல்லயே நிக்க வெச்சுப் பட்டினி போட்டியா? கதவை வேற திறந்து வெச்சாளாம்! உள்ள பீச்சை வெச்சுக்கிட்டு!"

"ஐயோ இல்ல அத்தை! பீச்சு வெக்கவே இல்ல! கடையிலேர்ந்து வர்ற மேசையில பீச்சு கிடையாது, வேணும்னா கடைக்காரியைக் கேளுங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. மண்டபம் "ஓ" என்றது. மூன்றாம் வரிசையிலிருந்த பல் டாக்டர் தன் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்.

"கடையா?" என்றாள் கிழவி, ரொம்ப மெதுவாக. "ராத்திரி பூரா நின்னு சமைச்சேன், கால் வீங்கிருச்சுன்னு வருஷா வருஷம் போன் பண்ணுவியே. கடையா? சரி, அது அப்புறம். கடை மேசையில பீச்சு இல்லேன்னா, கவிதையில பீச்சு எப்படி வந்துச்சு? உன் கவிதைதானே? நீ வெச்சதுதானே?"

பாங் ஹ்வாயங் முகத்தை மூடக் கை தூக்கினாள். கை மார்போடு நின்றது. தோள் தையலில் ஒரு இழைகூட விடவில்லை. முந்நூறு பேரும் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தார்கள். மாமனாரைப் பட்டினி போட்ட மருமகளா, அடுத்தவள் கவிதையைத் திருடியவளா என்று இரண்டில் ஒன்றை அவள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆட்கள் நடுவில் அது ரொம்ப யோசிக்கிற விஷயம் இல்லை.

"நான் எழுதலை!" என்று கத்தினாள். "சத்தியமா இது என்னுது இல்ல அத்தை! அந்தத் தையக்காரி எழுதினது! மேங் தொக்சூன்!"

மைக் இன்னும் போட்டிருந்தது. அந்தப் பெயர் கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"அப்ப முதல் பரிசு?" என்று பின்னாலிருந்து அந்தக் கிழவர் கேட்டார். பத்திரிகை ஆசிரியரும் வந்திருந்தார். தலைவி குனிந்து நின்ற விதமே போதுமாக இருந்தது.

தொக்சூன் அசையவில்லை. சொன்னபடி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆண்டோங் அம்மாதான் கூட்டத்தைத் தடியால் விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள். நான் இரண்டடி பின்னால் போனேன், கடிதம் எழுதிய கை என்னுடையது.

"நீதானா தொக்சூன்? என் கோட்டுக்கு உள்துணி மாத்தினவ."

"ஆமாம்மா."

"என் புருஷனை வெச்சு உன் பகையைத் தீத்துக்கிட்டயா?"

தொக்சூன் தலை குனிந்தாள். "எங்கம்மாவை அவ எடுத்துக்கிட்டா. எனக்கு வேற வழி தெரியல."

கிழவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீயும் நல்லவ இல்லடி" என்றாள். பிறகு, "அந்த நாற்காலி வரி... அது நெஜம்" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

மறு வாரம் பத்திரிகையின் ஏழாம் பக்க மூலையில் நாலு வரித் திருத்தம் வந்தது. பரிசுக் கேடயத்தில் பழைய பெயருக்கு மேல் புதுத் தகடு ஒட்டினார்கள். தொக்சூன் அந்த நாலு வரியைத் துணிக் கத்திரிக்கோலால் வெட்டி, அம்மா கவிதையோடு சேர்த்து யேசானுக்கு அனுப்பினாள். அம்மா சமாதியில் அவள் அக்கா கவிதையைப் படித்தாள். திருத்தத்தையும் படித்தாளாம், பக்க எண் உட்பட.

ஆண்டோங் அம்மா சிகாகோ திரும்பவில்லை. பெட்டியை மூத்த மகன் வீட்டில் இறக்கிவிட்டாள். "இனிமே நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன், நீ சமை" என்றாளாம். பாங் ஹ்வாயங் மீனுக்குச் செதில் எடுக்கக் கற்றாள், கஷ்கொட்டைக்குத் தோல் சீவக் கற்றாள், வருஷத்தில் ஒன்பது படையலுக்கு விடியற்காலையிலிருந்து நின்றாள். உண்மையாகவே கால் வீங்கியது. முதல் படையல் முடிந்த மூன்றாம் நாள் கிழவர் கனவில் வந்து, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொன்னதாக ஆண்டோங் அம்மா ஊரெல்லாம் சொன்னாள். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

தொக்சூன் ஆறவில்லை. "திருப்பிக் குடுத்துட்டாளே, இன்னும் என்னடி?" என்று கேட்டால், "அவளா குடுத்தா? நான் பிடுங்கினேன்" என்பாள். வருஷா வருஷம் அறுவடைத் திருநாளுக்கு முந்தின வாரம், மார்க்கெட்டில் நல்லதாகப் பார்த்து ஒரு பெட்டிப் பீச் பழம் வாங்குவாள். சிவந்த கன்னம், கொஞ்சமும் அடிபடாதது. அதைப் பல் டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவைப்பாள். மாமியார் இருக்கிற வீட்டில் அதை உள்ளேயும் கொண்டுபோக முடியாது, வாசலிலும் வைத்திருக்க முடியாது. அனுப்புகிறவர் பெயர் எழுதுகிற இடத்தில், மறைக்காமல், பெட்டியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எழுதுவாள்: மேங் தொக்சூன்.